வயிற்றில் எடுத்ததும் மூக்கில் எடுத்ததும்

மாயக்காள் எதையும் லேசில் நம்ப மாட்டாள். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். பூசாரி தருகிற விபூதியைக்கூட விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவாள். கீழக்குயில்குடியில் எருமை வைத்துக் கறந்து, கோச்சடைக்குக் கொண்டுபோய் வீடு வீடாகப் பால் ஊற்றுகிற பிழைப்பு அவளுக்கு. பால்காரி என்றால் உலகமே சந்தேகப்படும். "என்ன மாயக்கா, இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் தூக்கலா?" என்று கேட்கிற வாய்களுக்கு நடுவிலேயே காலம் தள்ளியவளுக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பங்காளிகள் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்க வந்தபோது, "எதுக்கு?" என்று கேட்ட ஒரே கேள்வியில்தான் கரட்டடி நிலம் அவளுக்கு மிஞ்சியது. ஆகவே சந்தேகம் அவளுக்குச் சோறு போட்ட சாமி. அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் மருமகள் விஷயத்தில் அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஒரே மகன் முத்துக்குமரன். கிராமத்து ரோடுகளில் மினி பஸ் ஓட ஆரம்பித்த புதிதில் டிரைவராகச் சேர்ந்தான். செக்கானூரணியிலிருந்து தையல் கம்பெனி வேலைக்கு அந்த பஸ்ஸில் வந்துபோன தமிழ்ச்செல்வியைப் பார்த்து, அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். ஒரே இனம், கொடுக்கல் வாங்கலிலும் சிக்கல் இல்லை. மாயக்காளுக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. தை மாதம் கல்யாணம் முடிந்தது.

கல்யாணம் முடிந்த கையோடு மகன் மாறிப்போனான். டீக்கடையில் உட்கார்ந்து நேரம் போக்குகிறவன், வண்டியை விட்டதும் நேரே வீட்டுக்கு வந்தான். புதுப் பெண்டாட்டி இருக்கிற எந்தப் பையனும் அப்படித்தான் வருவான். இது ஊருக்கே தெரியும், மாயக்காளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், "எம் புள்ள இப்பிடி மயங்குற ஆளு இல்லையே" என்று மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

சித்திரையில் ஒருநாள் கோச்சடையிலிருந்து பசியோடு திரும்பினாள். அடுப்படியில் ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு தனியாக மூடி வைத்திருந்தது. எடுத்துச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தாள். வாசம் இல்லை. உப்பும் உறைப்பும் நாக்கில் தட்டின, ஆனால் கருவாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. கருவாட்டுக் குழம்பு கொதித்தால் நாலாவது வீட்டுச் சோலையம்மா எட்டிப் பார்ப்பாள். இவள் கிண்ணத்தை மூக்கோடு ஒட்டிவைத்து இழுத்துப் பார்த்தும் ஒன்றும் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ச்செல்வி உள்ளே வந்தாள்.

"ஐயையோ அயித்த! அது அவருக்குன்னு எடுத்து வச்சதுல்ல?"

அந்த ஐயையோவில் மாட்டிக்கொண்டாள் தமிழ்ச்செல்வி. புருஷனுக்கு வைத்த கருவாட்டை மாமியார் காலி செய்துவிட்டாளே என்கிற சின்ன ஆதங்கம்தான் அது. மாயக்காள் காதில் அது வேறு விதமாக விழுந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாணி வாசம் இல்லை, புகை வாசம் இல்லை. கோச்சடையில் ஒரு வீட்டம்மா, "மாயக்கா, பாலு புளிச்சுக் கெடக்கு, இதப் போயி ஊத்துறியே!" என்று செம்பை நீட்டினாள். மோந்து பார்த்தாள், தெரியவில்லை. பால்காரிக்குப் பால் கெட்டது தெரியவில்லை என்றால் அவள் பிழைப்பு என்ன ஆகும்? நடுத்தெருவில் நின்றவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மருந்து வைப்பது என்று மதுரைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள ஒருத்தி எதையோ அரைத்துச் சோற்றில் கலந்து கொடுப்பாளாம். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அதை எடுத்துவிடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. மாயக்காளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. மகன் மயங்கியது, கிண்ணத்தைத் தனியாக மூடி வைத்தது, அந்த ஐயையோ. மகனுக்கு வைத்த மருந்தைத் தாய் தின்றுவிட்டாள்!

உசிலம்பட்டி ரோட்டில் கண்ணுச்சாமி என்பவர் மருந்து எடுப்பதில் பேர்போனவர். மாயக்காள் யாருக்கும் சொல்லாமல் போனாள். அவர் ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். தொப்புளுக்கு மேலே ஒரு பித்தளைக் குழலை வைத்துக் கண்ணை மூடி உறிஞ்சினார். பிறகு வாழையிலையில் துப்பினார். நெல்லிக்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை. அதில் முடியும் சுற்றிக் கிடந்தது.

"பாத்தியா தாயி? இது ஒனக்கு வச்சது இல்ல. ஆம்பளைக்கு வச்சது. நடுவுல நீ மறிச்சுத் தின்னுட்ட. அதான் மூக்க அடைச்சுப் போட்டுருச்சு."

டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற மாயக்காள் அந்த உருண்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தான் ஏற்கெனவே முடிவு கட்டியதையே இன்னொருத்தன் வாயால் சொன்னால் மனுஷருக்கு அப்படி ஒரு ஆனந்தம். உருண்டையைக் காலித் தைலப் புட்டியில் போட்டு மூடி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

தெருவைக் கூட்டிவிட்டாள். புட்டியைத் தூக்கிக் காட்டி, "எம் மகன் வயித்துல போக வேண்டியது எங்குட்டுக் கெடந்துச்சு பாத்தீகளா? இந்தச் சிறுக்கி வச்ச மருந்து!" என்று கத்தினாள். தமிழ்ச்செல்விக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. உள்ளே போய்ச் சூடத்தைக் கொண்டுவந்து வாசற்படியில் ஏற்றினாள்.

"நான் அப்பிடி ஒன்னு செஞ்சிருந்தா எங் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்" என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் எங்கள் பக்கம் அதோடு பேச்சு முடிந்தது. கூட்டம் கலையப் பார்த்தது. மாயக்காள் விடவில்லை.

"கை சுட்டுச்சா பாருங்க அவளுக்கு! ஒரு சத்தமும் போடலையே. அதுக்கும் என்னத்தையோ கையில தடவிட்டு வந்திருக்கா."

கை சுட்டதுதான். அந்தக் கொப்புளத்தோடுதான் தமிழ்ச்செல்வி செக்கானூரணி பஸ் ஏறினாள். முத்துக்குமரன் குறுக்கே எதுவும் பேசவில்லை. தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நட்ட கல்லாக நின்றான். ஆவணியில் இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களையும் உட்காரவைத்துத் தீர்த்துவிடுவது என்று பேச்சானது. தீர்த்துவிட்டால் அவள் யாரோ, இவன் யாரோ. அதற்குப் பிறகு அவன் தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டில் கைநனைப்பதும் இல்லை.

சரி, மருந்துதான் வெளியே வந்துவிட்டதே, வாசம் திரும்ப வேண்டாமா? திரும்பவில்லை. கண்ணுச்சாமியிடம் கேட்டதற்கு, "வேரு உள்ள கெடக்கு தாயி, இன்னொருக்கா எடுக்கணும்" என்றார். மாயக்காள் மறுபடி போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடிக் கடைசியில், கோச்சடையில் குனிந்து பால் ஊற்றுகையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகச் செம்புக்குள் விழுந்தது. அந்த வீட்டம்மா பதறிப்போய் மினி பஸ் ஸ்டாண்டுக்கு ஆளனுப்பி முத்துக்குமரனை வரவழைத்தாள். அவன் தாயை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

மூக்கு டாக்டர் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். "சதை வளந்து மூக்கையே அடைச்சிருக்கும்மா. மேல்பக்கம்தான் வாசம் பிடிக்கிற இடம். அங்க காத்துப் போகவே வழி இல்ல. கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். இது என்ன சதைன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம்."

சதை டெஸ்ட் என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: புற்று. மாயக்காளுக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தேகம் முந்திக்கொண்டது. கிள்ளி எடுத்த சதையை மருந்துத் தண்ணீர் ஊற்றிய சின்ன புட்டியில் போட்டபோது, அதே மாதிரிப் புட்டிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாள். எவள் மூக்கை எவள் கணக்கில் எழுதுவார்களோ? தன் நீலச் சேலையில் ஒரு நூலை உருவினாள்.

"இந்தாப்பா, இத என் புட்டிக் கழுத்துல நானே கட்டுவேன். நீ தொடாத."

மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் சொன்னது பாதிதான் விளங்கியது. ஆனாலும் ஆஸ்பத்திரி ஆள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான். அவள் மூன்று முடிச்சுப் போட்டாள். அதோடு விடாமல், மகனை உட்காரச் சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரி ஆள் பின்னாலேயே சதை டெஸ்ட் பண்ணுகிற அறை வரைக்கும் போனாள்.

அங்கே டாக்டர் பத்மாசினி போனில் பேசிக்கொண்டிருந்தார். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டு ஆட்களோடு அவர்கள் பாஷையில் பேசிச் சிரித்தார். மாயக்காளுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆகவே அது தன்னைப் பற்றித்தான் என்று முடிவு செய்தாள். போனை வைத்ததும் முந்தானையை அவிழ்த்துத் தைலப் புட்டியை மேஜையில் வைத்தாள். அதன் கழுத்திலும் நீல நூல் கட்டியிருந்தாள்.

"டாக்டரம்மா, அது மூக்குல எடுத்தது. இது வயித்துல எடுத்தது. எம் மருமக வச்ச மருந்து. ரெண்டும் ஒன்னுதான்னு நீங்க வாயால சொல்லணும். பெரிய மனுசங்க முன்னாடி நான் சொல்லியாகணும்."

பத்மாசினிக்குச் சிரிப்பு வந்தது. மாயக்காளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"மருமக எங்க இருக்கா இப்ப?"

"அவ வீட்டுல. ஆவணியில தீத்துவிடப் போறோம்."

டாக்டர் புட்டியை எடுத்து அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்தார். "சரி, வச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார். ஒருத்தி வாழ்வு இதில் தொங்குகிறது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் மகனையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு புட்டிகளும் மேஜையில் இருந்தன. மாயக்காள் முதலில் முடிச்சுகளைத்தான் பார்த்தாள். இரண்டிலும் அவள் சேலை நூல், அவள் போட்ட முடிச்சு. சந்தேகப்பட இடமில்லை.

"புத்து இல்லம்மா. அத முதல்ல சொல்லிடறேன்" என்றார் பத்மாசினி. "நீங்க எங்க குளிப்பீங்க?"

"கம்மாயில. எருமையக் குளுப்பாட்டிட்டு அப்பிடியே நானும் ஒரு முங்கு முங்கிட்டு வருவேன். ஏன்?"

"அந்த மாதிரித் தண்ணியில இருக்குற கிருமிதான் இது. மூக்குல சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள போயிரும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துல நெறயப் பேருக்கு இத நாங்க பாத்துக்கிட்டேதான் இருக்கோம்." மைக்ராஸ்கோப்பைக் காட்டிப் பார்க்கச் சொன்னார். மாயக்காள் ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தாள். வட்டம் வட்டமாகச் சின்னப் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகை நிறைத்துக் கட்டியது போலப் பொடி மணிகள்.

நிமிர்ந்தவள் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

"தாயி, இந்தக் கிருமிய ஒருத்தி குழம்புல கலந்து குடுத்திருக்கலாம்ல?"

"கொதிக்கிற குழம்புல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?" என்றார் டாக்டர். "அதவிடுங்க. இம்புட்டுச் சதை ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வளராது. வருசக்கணக்கா வளந்திருக்கு. முழுசா அடைக்கிற வரைக்கும் ஒங்களுக்குத் தெரியல. மருமக எப்ப வந்தா?"

"தையில."

"அதுக்கு முந்தி மூக்குல ரத்தம் வந்துச்சா?"

மாயக்காளுக்கு நினைவு வந்தது. தமிழ்ச்செல்விக்குப் பரிசம் போடக் கிளம்பிய காலையில் மூக்கைச் சிந்தியபோது துண்டில் ரத்தம் இருந்தது. சூடு என்று விட்டுவிட்டாள். அதற்கு முந்தின கோடையிலும் வந்திருக்கிறது.

பத்மாசினி தைலப் புட்டியை எடுத்தார். "இது கோழிக் குடல். உள்ள கோதுமை மாவு, கரித்தூள், ஆட்டு முடி. மாவு பச்சையா அப்படியே இருக்கு. வயித்துல ஒரு நாள் கெடந்திருந்தாக்கூடக் கரைஞ்சிருக்கும். இது ஒங்க வயித்துக்குள்ள போகவே இல்லம்மா. எடுத்தேன்னு சொன்னவர் வாயில அடக்கி வச்சிருந்திருப்பார்."

மாயக்காள் சட்டென்று, "புட்டிய மாத்திட்டீகளா?" என்று ஆரம்பித்தாள். நீல நூல் கண்ணில் பட்டது.

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற முத்துக்குமரன் எத்தனையோ நாள் கழித்து வாயைத் திறந்தான். "சூடத்த அணைச்சாளே ஆத்தா. அப்பவாவது நம்பியிருக்கலாம்ல?" டிரைவர் பயல் டாக்டர் முன்னாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். மாயக்காளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் செய்து சதையை அடியோடு எடுத்துச் சூடு வைத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்க மாத்திரை கொடுத்தார்கள். கண்மாயில் முங்கவே கூடாது என்றார்கள். வார்டில் பஞ்சை எடுத்த இரண்டாம் நாள், பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். மாயக்காளுக்கு அது லேசாக வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விம்மினாள்.

பஞ்சாயத்து நாளுக்காக அவள் காத்திருக்கவில்லை. வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு ஒற்றையாகச் செக்கானூரணிக்குப் போனாள். தமிழ்ச்செல்வி வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "எம் மருமக மருந்து வைக்கல. அவ மேல நான் போட்டது அபாண்டம். கோழிக் குடலக் காட்டி ஒருத்தன் ஏமாத்துனான், நான் ஏமாந்தேன்" என்றாள். எந்தக் குரலில் பழி போட்டாளோ அதே குரலில் சொன்னாள். அந்த மட்டில் அவள் நல்லவள்தான்.

தமிழ்ச்செல்வி வெளியே வந்தாள். கையில் தீப்புண் ஆறித் தோல் மினுமினுவென்று இருந்தது.

"வாரேன் அயித்த. அவரு பாவம். ஆனா ஒன்னு. அந்த வீட்டு அடுப்பத் தொட மாட்டேன். நீங்க ஆக்குங்க, நான் திங்கிறேன். மத்த எந்த வேலைன்னாலும் செய்யுறேன்."

"சரித்தா" என்றாள் மாயக்காள். கோபத்தில் சொல்கிறாள், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

சரியாகவில்லை. தமிழ்ச்செல்வி சாணி அள்ளினாள், தண்ணீர் தூக்கினாள், எருமை கறந்தாள், மாமியாருக்கு நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேத்தி ஒன்றைப் பெற்றும் கொடுத்தாள். அதட்டிப் பேசியதில்லை, முகம் சுளித்ததில்லை. அடுப்பை மட்டும் தொடவில்லை. பிள்ளை பெற்று எழுந்த பிறகும் சரி, தீபாவளிக்கும் சரி, மாயக்காள்தான் ஆக்கிப் போட்டாள். "இன்னும் மனசுக்குள்ள வச்சிருக்கியாத்தா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்னுமில்ல அயித்த" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் மாயக்காள் அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்து ஊரையே படுக்கப்போட்டது. மாயக்காளுக்குக் கையும் காலும் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. முத்துக்குமரன் கடையில் வாங்கிவந்த இட்லி தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தமிழ்ச்செல்வி ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டபோது, மாயக்காள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஒங் கையால ஒரு வாய் கஞ்சி வச்சுத் தா ஆத்தா. தெரியாம செஞ்சுட்டேன்."

தமிழ்ச்செல்வி எழுந்து போனாள். அடுப்படியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மாயக்காள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். வாசல் கதவுதான் சத்தம் போட்டது. வெகுநேரம் கழித்து ஒரு தம்ளரோடு திரும்பி வந்தவள், மாமியார் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூண்டுக் கஞ்சி நன்றாக மணத்தது. பெற்ற மகள்கூட அப்படிச் செய்யமாட்டாள்; ஊதி ஊதி ஆற்றி, கரண்டியை உதட்டருகே கொண்டுவந்தாள்.

"குடிங்க அயித்த. பயப்படாதீக. சோலையம்மா வீட்டுக் கஞ்சி. நான் வச்சதில்ல."